கதை பெரிதா, சொல்லும் பாணி பெரிதா?

பாரிஸ் பட்டணத்து வழக்கு சென்னைக் கடற்கரைக்கு வந்த வரலாறு

1943-ம் வருஷம், அக்டோபர் மாதம். சென்னைத் துறைமுகத்தின் மேல் ஜப்பானிய விமானம் ஒன்று பறந்து வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. சேதம் அதிகமில்லை, பீதிக்குத்தான் அளவில்லை. முந்திய வருஷம் ஏப்ரலில், ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்ற பேச்சைக் கேட்டே ஏராளமான குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் ரயிலேறிச் சொந்த ஊர்களுக்கு ஓடியிருந்தன. 1914-ல் ‘எம்டன்’ கப்பல் வந்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போனதை நேரில் கண்ட கிழவர்கள் அப்போது வடசென்னையில் இருந்தார்கள். அவர்கள் வாய்க்குக் கேட்க வேண்டுமா?

குண்டு விழுந்த அந்தச் சமயத்தில் ஒரு ரேடியோ இஞ்சினீயர் தம் வீட்டில் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். யார் சுட்டது?

பயப்பட வேண்டாம், குண்டு விழுந்தது நிஜம். கொலை மட்டும் கற்பனை. 1954 ஏப்ரல் 13-ம் தேதி, தமிழ்ப் புத்தாண்டை ஒட்டி ஏவி.எம். வெளியிட்ட ‘அந்த நாள்’ படத்தின் ஆரம்பம் இது. கதை வசனம் ஜாவர் சீதாராமன். டைரக்டர் எஸ். பாலசந்தர், அவருக்கு அப்போது வயது 27. பின்னாளில் வீணையை எடுத்து உலகமெல்லாம் சுற்றி வந்த அதே பாலசந்தர்தான்.

படம் பார்க்கப் போனவர்களுக்கு இரண்டு அதிர்ச்சிகள் காத்திருந்தன. முதலாவது, பாட்டு இல்லை. ஒன்றுகூட இல்லை. பாட்டுப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்குள் நுழைந்து பழகிய ரசிகருக்கு இது இலையைப் போட்டுச் சோறு போடாமல் எழுப்பியது மாதிரி. இரண்டாவது, கதாநாயகன் முதலிலேயே பிணம். சிவாஜி கணேசன் நடித்த அந்த ராஜன் என்ற பாத்திரம் உயிரோடு நடமாடுவதெல்லாம் மற்றவர்களுடைய ஞாபகத்தில்தான். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு ராஜனைச் சொல்கிறார். தம்பி வேறொரு ராஜனைச் சொல்கிறான். தம்பி மனைவிக்கு ஒருவன், ஆசைநாயகிக்கு ஒருவன், கட்டிய மனைவிக்கு ஒருவன். ஐந்து வாய், ஐந்து மனிதர். சி.ஐ.டி. அதிகாரியோடு சேர்ந்து பார்ப்பவரும் ஒவ்வொரு முறையும் ஏமாறுகிறார். சுட்டது யார் என்பதை, இன்னும் பார்க்காதவர்களுக்காக இங்கே சொல்லாமல் விட்டுவிடுவோம்.

பாலசந்தருக்கு இந்த யோசனை பிறந்தது அகிரா குரோசவாவின் ‘ராஷோமான்’ என்ற ஜப்பானியப் படத்தைப் பார்த்து. ஜப்பானிய விமானத்தின் குண்டைப் பற்றிய படத்துக்கு ஜப்பானியப் படமே வழிகாட்டியது ஒரு வேடிக்கை.

கவனிக்க வேண்டியது இதுதான். ‘அந்த நாள்’ படத்தின் கதையைச் சொல்லும் முறையிலிருந்து பிரித்து எழுதினால் என்ன மிஞ்சும்? தினசரிப் பத்திரிகையில் மூன்று வரிப் போலீஸ் செய்தி. யுத்த காலத்தில் ஒருவர் சுடப்பட்டார், குற்றவாளி பிடிபட்டார். அவ்வளவே. பாலசந்தர் சொன்ன விதமே அங்கே கதையாகிவிட்டது.

ஒரு வாலிபர் எழுதிய கட்டுரை

அதே 1954-ல், ஜனவரி மாதம், பாரிஸில் ‘காஹியே து சினிமா’ என்ற சினிமாப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பிரான்ஸுவா த்ருஃபோ. வயது 21. படம் பார்ப்பதைத் தவிர உருப்படியாக எதுவும் செய்திராத பிள்ளை என்று அக்கம்பக்கத்தார் சொல்லியிருக்கக்கூடிய வயது. ஆனால் அந்தக் கட்டுரை பிரெஞ்சு சினிமாவின் பெரிய தலைகளையெல்லாம் பிடித்து உலுக்கியது.

த்ருஃபோவின் புகார் இதுதான்: பிரெஞ்சுப் படங்களில் பிரபல நாவலை எடுத்துக்கொண்டு, கெட்டிக்கார வசனகர்த்தாக்கள் இருவர் (ஓரான்ஷ், போஸ்த் என்ற ஜோடி அப்போது கொடி கட்டிப் பறந்தது) அழகாக எழுதி முடித்துவிடுகிறார்கள், அத்துடன் படம் முடிந்துவிட்டதாக எண்ணுகிறார்கள். டைரக்டர் என்பவர் எழுதியதற்குப் படம் பிடித்துச் சேர்க்கிறவர், அவ்வளவுதான். சமையல் குறிப்பை எழுதியவருக்கே விருந்தின் பெயர் முழுவதும் போகிறது; அடுப்படியில் நின்று வெந்தவரைக் கேட்பாரில்லை. இது சினிமாவா?

இதற்கு ஆறு வருஷம் முன்பே, 1948-ல், அலெக்ஸாந்தர் அஸ்த்ருக் என்பவர் காமிராவைப் பேனாவாகப் பிடிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். எழுத்தாளர் பேனாவால் எழுதுகிறார். டைரக்டர் காமிராவால் எழுதட்டும் என்பது அவர் கட்சி.

கதையே வேண்டாம் என்று இவர்களில் எவரும் சொன்னதாக நினைத்தால் அது தவறு. வழக்கு கதைக்கும் பாணிக்கும் என்று வெளியே பேசப்பட்டதே தவிர, உள்ளே நடந்தது சொத்துத் தகராறு. படம் யாருடையது? எழுதியவருடையதா, எடுத்தவருடையதா?

அந்தச் சமயத்தில் சென்னையில் யாரிடமாவது இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள். 1952-ல் ‘பராசக்தி’ வந்து, மு. கருணாநிதியின் வசனம் மூலைமுடுக்கெல்லாம் மனப்பாடமாக ஒலித்துக்கொண்டிருந்த காலம் அது. வசனகர்த்தாவின் பெயரைப் பார்த்துக் கொட்டகைக்குப் போன காலம். ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு இரவு ஆட்டத்துக்குப் போனவர், காமிரா எந்தக் கோணத்தில் இருந்தது என்று பார்க்கப் போகவில்லை. காதில் அந்தத் தமிழ் விழுவதற்காகப் போனார். அதை ஏளனம் செய்ய யாருக்கும் உரிமை கிடையாது. மேடையில் நீதி கேட்கும் குரல் ஒன்று வேண்டியிருந்த மக்களுக்கு அந்தக் குரல் கிடைத்தது.

ஆகவே ‘அந்த நாள்’ வசூலில் படுத்தது ஆச்சரியமில்லை. அந்த ஆண்டுக்கான தேசிய விருதுகளில் தமிழில் வெள்ளிப் பதக்கம் பெற்றது எம்.ஜி.ஆர். நடித்த ‘மலைக்கள்ளன்’, நாமக்கல் கவிஞரின் நாவல், கருணாநிதியின் வசனம், பக்ஷிராஜாவின் தயாரிப்பு. ‘அந்த நாள்’ படத்துக்கு நற்சான்றிதழ் கிடைத்தது. கதைக் கட்சிக்கு முதல் பரிசு, பாணிக் கட்சிக்கு ஆறுதல் பரிசு என்று வேண்டுமானால் சொல்லிக்கொள்ளலாம்.

மகிழ மரத்தடியில்

ஆனால் தமிழனுக்குப் பாணி தெரியாது என்று முடிவு கட்டுவது அவசரம்.

திருவொற்றியூர் தியாகராஜ சுவாமி கோயிலில் மாசித் திருவிழாவின்போது மகிழடி சேவை நடக்கிறது. சங்கிலி நாச்சியாரை விட்டுப் பிரியேன் என்று சுந்தரர் மகிழ மரத்தடியில் சத்தியம் செய்து கொடுத்த கதை. பிறகு பிரிந்ததும், கண்ணிழந்ததும் யாவரும் அறிந்தவை. திருவிழாக் கூட்டத்தில் நிற்கும் பாட்டியிடம் “பிறகு என்ன நடந்தது?” என்று கேட்டால், ஏற இறங்கப் பார்ப்பாள். முடிவு தெரியாமலா அங்கே வந்து நிற்கிறாள்? பாரதக் கூத்தும் அப்படியே. துரியோதனன் ஜெயிப்பானோ என்ற சந்தேகத்தில் விடிய விடிய உட்கார்ந்தவர் எவருமில்லை. அடவு எப்படி, குரல் எப்படி, கட்டியங்காரன் இன்று என்ன சொல்லிச் சிரிக்க வைக்கப் போகிறான் என்று பார்க்கத்தான் அத்தனை பேரும் கண் விழிக்கிறார்கள்.

தெரிந்த கதையைத் தெரியாத விதத்தில் சொல்வதற்குப் பெயர்தான் பாணி என்றால், பிரெஞ்சுக்காரர்களுக்கு வெகு காலம் முன்பே தொண்டைமண்டலத்து மணல் தரையில் அது அரங்கேறிவிட்டது. டாக்கி வந்த பிறகு, கூத்திலிருந்து பாட்டையும் வசனத்தையும் எடுத்துக்கொண்ட சினிமாக்காரர்கள் அந்தத் துணிச்சலை மட்டும் கொட்டகைக்கு வெளியே விட்டுவிட்டார்கள். இழப்பு பெரிது.

சக்கர நாற்காலியில் காமிரா

பாரிஸில் த்ருஃபோவும் நண்பர்களும் வெறும் பேச்சோடு நிற்கவில்லை. 1959-ல் அவர் எடுத்த ‘நானூறு அடிகள்’ கான் விழாவில் சிறந்த டைரக்டர் பரிசைத் தட்டிக்கொண்டு வந்தது. அடுத்த வருஷம் ழான் லுக் கோதாரின் ‘மூச்சுத் திணற’ வெளிவந்தது. இந்தப் படம்தான் பாணிக் கட்சியின் வெற்றிக் கொடி என்று இன்றுவரை சொல்கிறார்கள்.

அந்தக் கொடி எந்தத் துணியில் தைத்தது என்று பார்த்தால் சுவாரஸ்யமாக இருக்கிறது. கார் திருடி, போலீஸ்காரரைச் சுட்டுவிட்டு ஓடும் ஒரு வாலிபனின் கதை அது. த்ருஃபோ பத்திரிகைச் செய்தி ஒன்றிலிருந்து எடுத்துக் கோதாருக்குக் கொடுத்தது. ஆக, பாணியின் சிகரம் என்று கொண்டாடப்படும் படத்துக்கும் விதை ஒரு தினசரிச் செய்திதான்! கையில் பணம் குறைவு. காமிரா வண்டி ஓட்டத் தண்டவாளம் போட வசதியில்லை. காமிராக்காரர் ராவுல் கூத்தாரைச் சக்கர நாற்காலியில் உட்கார வைத்துக் கோதார் தள்ளிக்கொண்டு போனார். கூத்தார் இந்தோசீன யுத்தத்தில் போட்டோ எடுத்துப் பழகியவர். இதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டா? படம் நீளமாகிவிட்டது என்றதும், காட்சிகளை மொத்தமாக வெட்டாமல், ஒவ்வொரு காட்சிக்குள்ளேயும் நடுநடுவே கத்தரித்து எறிந்தார்கள். காரில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் தலை கண் மூடித் திறப்பதற்குள் வேறு பக்கம் திரும்பியிருக்கும். தெருவும் மாறியிருக்கும். இதைப் பார்த்துத்தான் உலகம் புதுப் பாணி என்று கைதட்டியது. சிக்கனமே பல சமயம் பாணிக்குத் தாய்.

தமிழிலும் அதற்குச் சாட்சி உண்டு. 1962-ல் ஸ்ரீதர் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ படத்தை ஒரே ஆஸ்பத்திரி அரங்கில், சுமார் ஒரு மாதத்தில் எடுத்து முடித்தார். அறைகள் அதே அறைகள், கட்டில் அதே கட்டில். வின்சென்டின் காமிரா மட்டும் புதிது புதிதாக இடம் தேடிக்கொண்டே இருந்தது. பாட்டும் இருந்தது, கண்ணீரும் இருந்தது, வசூலும் இருந்தது. கதையும் பாணியும் ஒரே வீட்டில் சண்டையின்றிக் குடித்தனம் நடத்திய அபூர்வ உதாரணம்.

பிரெஞ்சுக்காரர் நேரில் வந்தார்

வழக்கின் இரு தரப்பும் சென்னையில் நேருக்கு நேர் சந்தித்தது 1968-ல்.

லூயி மால் புகழ்பெற்ற பிரெஞ்சு டைரக்டர். கடலடி உலகைக் காட்டிய ‘மௌன உலகம்’ படத்தைக் கூஸ்தோவுடன் சேர்ந்து எடுத்து 1956-ல் கான் விழாவின் தங்கப் பனை விருதை வாங்கியவர். கதைப் படங்கள் பல எடுத்து, பிரபல நட்சத்திரங்களை ஆட்டுவித்து, ஒரு கட்டத்தில் அலுத்துப் போனார். 1968 ஜனவரியில் இந்தியா வந்தார். கூட ஒரு காமிராக்காரர், ஒரு ஒலிப்பதிவாளர். மொத்தம் மூன்று பேர். திரைக்கதை கிடையாது. திட்டமும் கிடையாது. கண்ணில் பட்டதை எடுப்பது; எதற்காக எடுத்தோம் என்பதைப் பிறகு யோசிப்பது. நாலு மாதம் சுற்றினார். அதில் உருவானது ‘கல்கத்தா’ என்ற படமும், ‘மாய இந்தியா’ என்ற ஏழு பகுதித் தொலைக்காட்சித் தொடரும். அதில் ஒரு பகுதி முழுவதும் சென்னைக்கு.

மயிலாப்பூர்த் தேர், கலாக்ஷேத்திரத்தில் நாட்டியப் பயிற்சி, சோவின் ‘முகமது பின் துக்ளக்’ நாடகம் எல்லாவற்றையும் அவருடைய காமிரா பார்த்தது. ஒரு சினிமாப் படப்பிடிப்பையும் பார்த்தது. எந்தப் படம் தெரியுமா? ‘தில்லானா மோகனாம்பாள்’!

இதைவிடப் பொருத்தமான ஜோடியை யாராலும் பிடிக்க முடியாது. கொத்தமங்கலம் சுப்பு ‘கலைமணி’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதி, வாரா வாரம் தமிழ்நாட்டைக் காத்திருக்க வைத்த கதை. ஏ.பி. நாகராஜன் டைரக்ஷன். சிக்கல் சண்முகசுந்தரமாகச் சிவாஜி, மோகனாவாகப் பத்மினி, நாயனத்தின் நிஜ ஒலிக்கு எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சவடால் வைத்தியும் ஜில் ஜில் ரமாமணியும் பக்கத்து வீட்டுக்காரர்களைப் போல் ஆகிவிட்ட படம். கதையின் கோட்டையே அதுதான். அந்தக் கோட்டைக்குள் கதை சலித்துப்போன ஒரு வெள்ளைக்காரர் கையில் காமிராவுடன் நுழைந்து, ஒரு மூலையில் நின்றுகொண்டார்.

யார் ஜெயித்தார்கள்?

மாலின் தொடரை இன்று பார்ப்பவருக்கு ஒன்று உறுத்தும். தேரிழுக்கும் கூட்டத்தில் ஒரு முகத்தை அவர் காமிரா நெடுநேரம் பார்க்கிறது. வியர்வை தெரிகிறது, கண்ணில் உள்ள வியப்பு தெரிகிறது. அந்த மனிதரின் பெயர் தெரியவில்லை. அவர் என்ன நினைத்தார் என்று கேட்பாரில்லை. மாலின் குரல் மட்டும் பிரெஞ்சில் பேசிக்கொண்டே போகிறது. வைத்திக்கும் ரமாமணிக்கும் கிடைத்த பெயர், நிஜமான சென்னைவாசிக்குக் கிடைக்கவில்லை. இந்தக் குறையை மாலும் உணராமல் இல்லை. தொடரின் முதல் பகுதிக்கு ‘முடியாத காமிரா’ என்று பெயர் வைத்தார். பார்க்க வந்தவன் பார்ப்பதாலேயே எதிரிலிருப்பவன் மாறிவிடுகிறான் என்ற சங்கடம் அவரை விட்டு நீங்கவில்லை.

அதே சமயம் நியாயமும் பேச வேண்டும். 1968-ல் மயிலாப்பூர் மாட வீதியில் வெயில் எப்படி விழுந்தது, ஜனங்கள் எப்படி நின்றார்கள், எப்படி முறைத்தார்கள் என்று தெரிந்துகொள்ள இன்று மாலின் படம் இருக்கிறது. நம்முடைய கதைப் படங்கள் அப்போது அரங்கத்துக்குள் அட்டையில் தெரு கட்டிக்கொண்டிருந்தன.

கதையில்லாத படம் யாரை என்ன செய்துவிடும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1970-ல் பி.பி.சி. இந்தத் தொடரை ஒளிபரப்பியதும், நாட்டின் வறுமையைக் கடை பரப்புகிறது என்று இந்திய அரசாங்கம் கொதித்தெழுந்தது. பி.பி.சி.யின் டில்லி அலுவலகம் மூடப்பட்டது. 1972 வரை மூடியே கிடந்தது.

வடக்கே திரும்பிய காமிரா

வெகு காலம் கழித்துத்தான் தமிழ் சினிமாவின் காமிரா பாரிமுனையைத் தாண்டி வடக்கே நிதானமாகப் பார்க்கத் தொடங்கியது. 2011-ல் தியாகராஜன் குமாரராஜாவின் ‘ஆரண்ய காண்டம்’ வந்தது. பாணி என்றால் அப்படி ஒரு பாணி; இரண்டு தேசிய விருதுகள் வாங்கியது. கொட்டகையில் கூட்டமில்லை. பாலசந்தரின் படத்துக்கு நேர்ந்ததே இதற்கும். பிற்பாடு தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். 2014-ல் பா. ரஞ்சித்தின் ‘மெட்ராஸ்’, வியாசர்பாடிக் குடியிருப்பில் ஒரு சுவரை வில்லனாக்கிக் காட்டியது. கட்சிக்காரர் படம் வரைந்த வெறும் சுவர். சுவர் கதையா, பாணியா என்று பிரித்துச் சொல்ல எவராலும் முடியாது.

2018-ல் வெற்றிமாறனின் ‘வட சென்னை’. கேரம் ஆடும் ஒரு வாலிபன், துறைமுகக் கடத்தல், சிறைச்சாலை, கரையோரத் திட்டத்துக்காகக் குப்பத்தைக் காலி செய்யச் சொல்லும் பெரிய கைகள். காலம் முன்னும் பின்னுமாகத் தாவுகிறது. ஒரு பொருத்தம் பாருங்கள்: ‘அந்த நாள்’ தொடங்கும்போது ராஜன் என்பவர் செத்துக் கிடக்கிறார். இதிலும் கொலை முடிந்த கையோடு, கத்தியில் ரத்தம் காயாமல் படம் தொடங்குகிறது. செத்தவர் பெயர் ராஜன். செத்தவர் எப்படிப்பட்டவர் என்பதைப் பிறர் வாயிலாகக் கொஞ்சம் கொஞ்சமாக அறிந்துகொள்கிறோம். 64 வருஷ இடைவெளியில் துறைமுகத்தையொட்டி இரண்டு ராஜன்கள்.

ஆனாலும் ஒரு மனக்குறை. இந்தப் படங்களின் பின்னால் வந்த சில்லறைப் படங்களுக்கு வடசென்னை என்றால் கத்தி, கானா, துருப்பிடித்த தகரம், தூரத்தில் புகைபோக்கி. சண்டைக்குப் பின்னணியாக நிறுத்த எண்ணூர் வசதி, எண்ணூர்க்காரர் வேண்டாம். இதையும் பாணி என்றுதான் அழைக்கிறார்கள். திரைச்சீலை என்று அழைத்தால் போதும்.

மாறாக, 2017 ஜனவரியில் வெளிவந்த ‘சென்னைப் புறம்போக்குப் பாடல்’ என்ற சிறிய காணொளியில் கதை எதுவுமில்லை. கபேர் வாசுகி சென்னைத் தமிழில் எழுதியதை, டி.எம். கிருஷ்ணா எண்ணூர்க் கழிமுகத்துச் சாம்பலுக்கு நடுவில் நின்று கர்நாடக ராகங்களில் பாடினார். நிற்கும் இடமும் பாடும் விதமும் சேர்ந்து, மேடையில் நாலு மணி நேரம் பேசினாலும் புரியாததைப் புரிய வைத்தன. மாலுக்குக் கிட்டாத ஒன்று இதில் கிட்டியது: பாடுகிற மொழி அந்த ஊர் மொழி.

கழிமுகத்துக்கு வடக்கே, கடலுக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் நடுவே கிடக்கும் மணல் நிலத்தில் இருக்கிறது காட்டுப்பள்ளி. நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அங்கே 2010-ல் திறக்கப்பட்டது. 2013-ல் துறைமுகம் இயங்கத் தொடங்கியது. 2018-ல் அது அதானி குழுமத்தின் கைக்குப் போயிற்று. துறைமுகத்தைச் சுமார் 6,100 ஏக்கருக்கு விரிவாக்கும் திட்டத்துக்கு மீனவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அதற்கான கருத்துக் கேட்புக் கூட்டம் 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்டுத் தள்ளி வைக்கப்பட்டது.

படமெடுக்க இதைவிட என்ன வேண்டும் என்று தோன்றும். கதைக் கட்சிக்காரர் வந்தால் உடனே ஒரு கதாநாயகனைத் தேடுவார். கிரேன்களுக்கு எதிரே அவனைத் தனியாக நிறுத்துவார். பாணிக் கட்சிக்காரர் கிரேன்களை மட்டும் பத்து நிமிஷம் காட்டுவார். இரண்டு பேருக்கும் இடறப்போகிற கல் ஒன்று அந்தப் பக்கத்துத் தண்ணீரில் கிடக்கிறது. அதன் பெயர் ‘பாடு’.

பழவேற்காடு ஏரியிலும் அதை ஒட்டிய உப்பங்கழிகளிலும் மீனவர்கள் வெகு காலமாகக் கைக்கொள்ளும் முறை அது. மீன் அதிகம் படும் இடத்தில் எவரும் தினம் போய் வலை கட்டிவிட முடியாது. உரிமையுள்ளவர்கள் முறை வைத்துக்கொண்டு போகிறார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். இன்று கரையில் நிற்பவருக்கு நாளை இறால். கால்வாய் தூர்ந்தால், சாம்பல் படிந்தால், ஒரு வேலி குறுக்கே வந்தால், குறைவது ஒருவருடைய வலையல்ல. முறைச் சக்கரமே நின்றுபோகிறது.

இந்தக் கதைக்கு ஒரு நாயகன் கிடையாது. ஒரு நாளை மட்டும் எடுத்தால், அன்றைக்கு இடம் கிடைத்தவர் அதிர்ஷ்டசாலியாகவும் கிடைக்காதவர் பரிதாபத்துக்குரியவராகவும் தோன்றிவிடுவார்கள், இரண்டும் பொய். ஐந்து வாய்களைக் கொண்டு ஒரு மனிதனைச் சொல்லிவிட்டார் பாலசந்தர். இங்கே முறைக்கு வருகிற அத்தனை பேரையும் சொன்னால்தான் ஒரு வலையைச் சொன்னதாகும். காமிரா எந்தப் படகில் முதலில் ஏறுவது?